கிணற்றுக்கு வந்த முறைக் காய்ச்சல்

என் தங்கையை ஆஸ்பத்திரியில் பேர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. சலவைக் கொட்டகையில் அவரவர் தொட்டிதான் அவரவர் பேர். படுக்கை விரிப்பு, தலையணை உறை, ஆபரேஷன் அறைத் துணி என்று வெள்ளையெல்லாம் அலசுகிறவள் வெள்ளைத் தொட்டி. போர்வை துவைக்கிறவள் கம்பளித் தொட்டி. ரத்தமும் சீழுமாக வருகிற துணியை ஊறப்போட்டு வேகவைக்கும் இடம் கொட்டகையின் கடைசியில், தரைக்குள் பள்ளமாக இருக்கும். அங்கே வேலை பார்க்கிறவள் கீழ்த் தொட்டி. நான் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனால், "வெள்ளைத் தொட்டியோட அக்கா வந்திருக்காங்க" என்று உள்ளே குரல் கொடுப்பார்கள். ஒரு தொட்டிக்கு அக்காவாக இருந்தவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அவள் வெள்ளைத் தொட்டிக்கு வந்தது இடுப்பினால். ஈரப் படியில் வழுக்கி விழுந்து பல வாரம் படுத்துக் கிடந்தாள். அதே ஆஸ்பத்திரி டாக்டர்தான் பார்த்துவிட்டு, "இனிமே குனியற வேலை வேண்டாம்மா. குனிஞ்சா ஒரு நாள் அப்படியே நின்னுடுவீங்க" என்றார். வெள்ளைத் தொட்டி சிமென்ட் மேடை மேல் இடுப்பு உயரத்துக்கு இருக்கும். நிமிர்ந்து நின்றபடியே அலசலாம். அப்போதிருந்த மேஸ்திரி நல்ல மனுஷன். அவளை அங்கே போட்டுவிட்டு ஓய்வு பெற்றுப் போனார். அவள் புருஷனும் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டதால், என் வீட்டுக்கே வந்துவிட்டாள். வீடென்றால் ஓர் அறை, ஒரு ஜன்னல், அடுப்புக்கு ஒரு மூலை. ஒருத்தி புரண்டு படுத்தால் மற்றவள் விழித்துக்கொள்வாள்.

மேடைத் தொட்டி கிடைத்ததில் நிம்மதியாக இருந்தவளுக்கு மஞ்சள் வந்து சேர்ந்தது.

கிணற்றுத் தண்ணீரைப் பார்த்தால் கண்ணாடி மாதிரி இருக்கும். துணியும் தொட்டியில் கிடக்கும்வரை வெள்ளைதான். பிழிந்து கொடியில் போட்டு வெயில் ஏற ஏற, தேநீர் சிந்தின மாதிரி ஓரத்தில் ஒரு மஞ்சள் எழும்பும். துருக்கறை. காய்ந்த பிறகுதான் தெரியும் என்பதால் முன்கூட்டி எதுவும் செய்ய முடியாது. ஒரு நாள் வரும், மறுநாள் வராது. அடுத்த நாள் பாதித் துணியில் வரும். பிறகு கொஞ்ச நாள் சத்தமே இருக்காது. மறந்துபோய்ப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு அலசும் நாளில் கொடி முழுக்க மஞ்சள் பூத்து நிற்கும்.

கறை வந்தால் ப்ளீச்சிங் பவுடரை இன்னும் இரண்டு கை அள்ளிப் போடுவார்கள். எல்லாத் துணியும் அதில்தானே வெளுக்கிறது, இதுவும் வெளுக்கும் என்று நினைப்பு. பவுடர் கூடக்கூட இந்தக் கறை இன்னும் இறுகும் என்பது அப்போது கொட்டகையில் ஒருத்தருக்கும் தெரியாது.

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கம்பளித் தொட்டிக்கு ரேடியோ என்று இன்னொரு பேர் உண்டு. வாயை நிறுத்தப் பொத்தான் இல்லாததால் வந்த பேர்.

"பௌர்ணமிக்குத்தான்டி வருது. நான் நல்லா பாத்துட்டேன்" என்றாள் ரேடியோ.

"போன வாரம் வந்துச்சே, அப்போ நிலாவே இல்லையே?" என்றாள் என் தங்கை.

"அது வேற கறை."

இஸ்திரிக்காரர் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு, "எனக்குத் தெரிஞ்சு இது கைராசி. உங்களுக்கு முன்னாடி இருந்தவங்க கையில இப்படி வந்ததில்ல" என்றார்.

"போன மாசம் டாக்டர் கோட்டுல ஓட்டை போட்டியே, அது எந்த ராசி?" என்று ரேடியோ கேட்டதும் அவர் பெட்டியை மறுபடி எடுத்துக்கொண்டார்.

புதிதாக வந்த ஸ்டோர் சாருக்கு இந்த வேடிக்கையெல்லாம் பிடிக்காது. எந்தத் துணி மஞ்சளாக வந்தாலும் அதை அலசினவளே அன்றைக்கு வேலை முடிந்த பிறகு நின்று மறுபடி அலச வேண்டும் என்று சட்டம் போட்டார். கீழ்த் தொட்டியில் இருந்த அம்மாள் முடியாமல் நின்றுவிட்டதிலிருந்து அந்தப் பள்ளத்துக்கு ஆள் கிடைக்காமல் அவர் தேடிக்கொண்டிருந்தார். அந்தக் கவலையும் சேர்ந்துகொண்டது. ஒரு நாள் என் தங்கையைக் கூப்பிட்டு, "இதே மாதிரி போச்சுன்னா உங்களைக் கீழ்த் தொட்டிக்கு மாத்திட்டு வேற ஆளை இங்க போட வேண்டியிருக்கும். அங்க கறையைப் பத்திக் கவலை இல்ல" என்றார்.

அவள் வீட்டுக்கு வந்து என்னிடம் அதைச் சொன்னபோது குரலில் அழுகை இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரில் சாய்ந்து, "குனியணும்க்கா" என்றாள். அவ்வளவுதான். பிறகு அப்படியே தூங்கிவிட்டாள்.

மாலையில் அவள் கைக்கு எண்ணெய் தடவிவிடுவது என் வேலை. பவுடரும் சோடாவும் சேர்ந்து விரல் இடுக்கெல்லாம் வெடித்திருக்கும். உள்ளங்கையில் ஒரு கோடு வெடித்தால் அரிசியைக்கூட அள்ள முடியாது. தடவும்போது கையை உதறுவாள், திட்டுவாள், நான் விடமாட்டேன். அப்படித் தடவிக்கொண்டிருந்த ஒரு மாலையில்தான் என் மனசில் அது பட்டது.

"ஏன்டி, மேல் வீட்டுக்காரி பிள்ளை பெத்தாளே, அப்பவும் உன் கை இப்படித்தானே இருந்துச்சு?"

"இருந்திருக்கும்."

"நடுவுல சுத்தமா ஆறிப்போச்சு. நீயே மாவு பிசைஞ்சே. அதுக்கும் முந்தி நம்ம அடுப்பு ரிப்பேரான வாரம், அப்பவும் வெடிச்சிருந்துச்சு. அதுக்கு முந்தி ஆறியிருந்துச்சு."

"கை வெடிக்கும், ஆறும். அதுக்கு என்ன இப்போ?"

"ஆறியிருக்கற காலமும் வெடிச்சிருக்கற காலமும் ஏறக்குறைய ஒரே அளவா இருக்குடி. முறைக் காய்ச்சல் வந்துவந்து போற மாதிரி."

"அக்கா, எனக்குத் தூக்கம் வருது."

இன்றைக்குக் கேட்டால் அதைத் தானே கண்டுபிடித்ததாகச் சொல்வாள். நான்தான் கண்டுபிடித்தேன். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு மேலே யோசித்தது அவள்தான். துணியைப் பார்த்தால் ஒன்றும் புரியாது. நல்ல வாரத்தின் நடுவில் ஒரு நாள் மஞ்சள் வரும், கெட்ட வாரத்தின் நடுவில் ஒரு நாள் பளிச்சென்று இருக்கும். மழை பெய்தால் மாறும், மின்சாரம் போனால் மாறும், வார்டில் ஆள் கூடினால் மாறும். தினம் தினம் பார்க்கிறவளுக்குத் தலைதான் சுற்றும். கை அப்படி இல்லை. ஒரு நாள் கெட்டுப்போனதால் கை வெடித்துவிடாது. ஒரு நாள் நன்றாக இருந்ததால் ஆறிவிடவும் செய்யாது. சில்லறை நாட்களையெல்லாம் கை கண்டுகொள்வதில்லை. மறு அலசலும் பவுடரும் சேர்ந்தாற்போல் பல நாள் நடந்தால்தான் வெடிக்கும், பல நாள் இல்லாமல் இருந்தால்தான் ஆறும். அதனால் தாறுமாறாகத் தெரிந்த கறைக்கு அடியில் ஒரு பெரிய மூச்சு மெதுவாக ஏறி இறங்குவது அவள் உள்ளங்கையில் தெரிந்தது.

இரண்டு முறை பொறுத்துப் பார்த்தாள். ஆறியது, வெடித்தது. மறுபடி ஆறியது, வெடித்தது. மூன்றாவது முறை கை முழுக்க ஆறி, தோல் புதிதாக மினுமினுத்தபோது ஸ்டோர் சாரிடம் போய் நின்றாள். ரேடியோவும் கூடப் போனாள், கூப்பிடாமலே.

"சார், இன்னும் ரெண்டு மூணு நாள்ல தண்ணி கெட ஆரம்பிக்கும். அது கெட்டு முடியற வரைக்கும் வெள்ளையை அலசாம நிறுத்தி வெச்சிடலாம். அதுவரைக்கும் போர்வை, திரைச்சீலை இதை எல்லாரும் சேர்ந்து பாத்துடறோம். தண்ணி தெளிஞ்சதும் வெள்ளையை ஒரே மூச்சுல முடிச்சுடறேன்."

"தண்ணி கெடப்போறது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவள் கையை நீட்டிக் காட்டினாள். அவர் கையையும் பார்த்தார், அவள் முகத்தையும் பார்த்தார்.

"கை நல்லாத்தானேம்மா இருக்கு?"

"அதான் சார் சொல்றேன். நல்லா இருக்கு."

ரேடியோவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனால் ஸ்டோர் சார் சிரிக்கவில்லை. மஞ்சள் விரிப்பைப் பற்றி வார்டில் திட்டு வாங்கி அவரும் சலித்துப் போயிருந்தார். "சரி. பீரோவுல இருக்கற மாத்துத் துணி தீர்ற வரைக்கும் பாப்போம். ஆபரேஷன் அறைக்குத் துணி இல்லன்னு ஒரு சத்தம் வந்துச்சு, அப்புறம் நான் பொறுப்பில்ல. நேரா கீழ்த் தொட்டிதான்" என்றார்.

அவள் ஒத்துக்கொண்டாள்.

வெள்ளையெல்லாம் மூட்டையாகக் கட்டி ஓரத்தில் அடுக்கினார்கள். போர்வையும் திரைச்சீலையும் துவைத்தார்கள். சோதித்துப் பார்க்க அவள் தினமும் ஒரே ஒரு தலையணை உறையை மட்டும் அலசிக் கொடியில் போடுவாள். காய்ந்ததும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். மஞ்சள் வராதா என்று ஏங்கினாள். வாழ்நாளெல்லாம் வரக்கூடாது என்று இருந்தவள் வர வேண்டும் என்று காத்திருந்தாள். உறை வெள்ளையாக வந்தது. மறுநாளும் வெள்ளை. அதற்கடுத்த நாள் இன்னும் வெள்ளை, கண் கூசுகிற மாதிரி.

"என்ன, உன் காய்ச்சல்காரன் வழி மறந்துட்டானா?" என்றாள் ரேடியோ.

"வருவான்."

"வரும்போது சொல்லு, நாலு போர்வை எடுத்து வைக்கிறேன்."

மூட்டை உயர்ந்துகொண்டே போனது. இஸ்திரிக்காரர் வேலையில்லாமல் மூட்டை மேலேயே சாய்ந்து படுத்தார். வீட்டில் அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பாள். நான் கையைப் பிடித்துப் பார்ப்பேன். ஒரு கீறல் இல்லை. அவ்வளவு நல்ல கையை நான் அவளிடம் பார்த்ததே இல்லை. 

"ஒருவேளை தப்பா பாத்துட்டோமோ?" என்றாள்.

"தப்பே இல்ல. லேட்டாகுது. நான்கூடத்தான் தினமும் ஒரே நேரத்துக்கா எழுந்திருக்கறேன்?"

கடைசியில் நர்சம்மா ஒருத்தி கொட்டகைக்கே வந்து சத்தம் போட்டாள். மறுநாள் காலையில் ஆபரேஷன், விரிக்கத் துணி இல்லை. ஸ்டோர் சார் முகம் சிவந்துபோய் வந்தார். "எல்லாத்தையும் இன்னிக்கே எறக்குங்க. எல்லாத் தொட்டியிலயும் வெள்ளை. சாயங்காலத்துக்குள்ள முடிச்சாகணும்" என்றார்.

கிணற்று மோட்டார் நிற்காமல் ஓடியது. வெள்ளைக்கு அலசல் அதிகம். சோப்பு போக ஒரு தண்ணீர், பவுடர் போக ஒரு தண்ணீர், நீலத்துக்கு ஒரு தண்ணீர். நாலு பெண்கள் கை ஓயாமல் அலசினார்கள். நான் மதியச் சாப்பாட்டோடு போனபோது வாங்கி ஓரமாக வைத்துவிட்டாள், பாத்திரத்தைத் திறக்கக்கூட இல்லை. முதலில் போட்ட துணி கொடியில் பளபளவென்று ஆடியது. மதியத்துக்குப் பிறகு போட்ட துணியில், வெயில் சாயும் நேரத்துக்கு, ஒவ்வொரு ஓரமாக மஞ்சள் எழும்பியது. ஆபரேஷன் அறைத் துணி அந்தப் பாதியில்தான் இருந்தது.

"சொன்னாளே சார், வரும்னு! வந்துடுச்சே!" என்று ரேடியோ முதல்முறையாக என் தங்கை பக்கம் பேசினாள்.

"நல்ல தண்ணியை விட்டுட்டுக் கெட்ட தண்ணியில அலச வெச்சாங்களே, அதையும் சொல்லுங்க" என்றார் ஸ்டோர் சார்.

அவர் சொன்னதும் சரிதான். அதுதான் எனக்கு ஆற்றாமையாக இருந்தது. அன்றைக்கே அவளைக் கீழ்த் தொட்டிக்கு மாற்றிவிட்டார். மறுநாள் நானே அவர் அறைக்குப் போனேன்.

"தம்பி, அவளுக்கு இடுப்பு சரியில்ல. டாக்டர் சொல்லியிருக்கார்."

"தெரியும்மா. உட்கார்ந்து செய்ய ஒரு ஸ்டூல் போடச் சொல்லியிருக்கேன்."

"ஸ்டூல்ல உட்கார்ந்து பள்ளத்துல கைவிடணும்னா குனியத்தானே வேணும்? நீங்க ஒரு தடவை உட்கார்ந்து காட்டுங்க, நான் போயிடறேன்."

"அம்மா, எனக்கும் மேல ஆள் இருக்காங்க. ஆபரேஷன் தள்ளிப்போச்சு. யாராவது ஒருத்தரை மாத்தாம நான் என்ன பதில் சொல்றது?"

"அப்போ தண்ணியை மாத்துங்க."

 நான் எழுந்திருக்கவில்லை. ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவர் காகிதத்தைப் புரட்டினார், எனக்குத் தேநீர் வரவழைத்தார், குடித்தேன். அப்புறமும் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் என் தங்கையே வந்து வாசலில் நின்று, "வாக்கா, போகலாம்" என்றாள். அவள் கையில் கீழ்த் தொட்டிக்காரிகளுக்குத் தரும் ரப்பர் கையுறை இருந்தது. நான் உள்ளே வாதாடிக்கொண்டிருந்தபோது அவள் போய் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள்.

வெள்ளைத் தொட்டி ரேடியோவுக்குப் போனது.

சில நாள் கழித்து, கிணற்று மோட்டாரைப் பார்த்துக்கொள்ளும் மோட்டார்காரர் கீழ்த் தொட்டிப் பக்கம் வந்து, என் தங்கை அருகே பள்ளத்தின் ஓரத்தில் குந்தினார். நானும் அன்றைக்குச் சாப்பாட்டோடு அங்கேதான் இருந்தேன்.

"அக்கா, நீங்க சொன்னது எனக்குள்ள ஓடிக்கிட்டே இருந்துச்சு. கிணத்துல எட்டிப் பாத்தேன். மேல் தண்ணி தெளிவு. அடியில சிவப்பு மண்ணு. அலசல் அதிகமாகி மட்டம் எறங்கினா மோட்டார் அடித் தண்ணியை இழுக்குது, மஞ்சள் வருது. அப்படியே போகப் போக மோட்டார் குழாய் வலையில துரு அடைச்சுக்குது. அப்போ நான் மோட்டாரை நிறுத்திட்டு லாரித் தண்ணி வரவழைப்பேன் இல்லையா? அந்தக் கொஞ்ச நாள்ல கிணறு ஊறிடுது. மறுபடி தெளிவு. மறுபடி நாம இழுக்கறோம். அதான் நீங்க பாத்த முறை."

என் தங்கை கொதிக்கும் துணியைக் கோலால் புரட்டிக்கொண்டே கேட்டாள். "அப்போ இந்தத் தடவை ஏன் நேரத்துக்கு வரல?"

மோட்டார்காரர் தலையைச் சொறிந்தார். "நீங்க வெள்ளையை நிறுத்திட்டீங்களே. போர்வைக்கு என்ன பெரிய தண்ணி? இழுக்காம விட்டதால கிணறு எறங்கவே இல்ல. அன்னிக்கு மொத்தமா இழுத்ததும் எறங்கிடுச்சு. நீங்க காத்துக்கிட்டு இருந்ததாலதான்க்கா அது வரல."

அவள் கோலை நிறுத்தவில்லை. "இதை ஸ்டோர் சார்கிட்ட சொன்னீங்களா?" என்றாள்.

"சொன்னேன். கிணத்துக்கு ஓய்வு குடுத்தா துணிக்கு எங்க போறதுன்னு கேக்கறார். அதுவும் நியாயந்தானே."

அவர் போன பிறகு எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "பாத்தியா, முறை இருந்திருக்கு. நான் சொன்னேன் இல்ல, தப்பே இல்லன்னு?" என்றேன். எனக்கு அதிலாவது ஒரு சந்தோஷம் வேண்டியிருந்தது.

"இருந்துச்சு. நாமளும் அதுக்குள்ளதான் இருந்திருக்கோம்" என்றாள். பிறகு, "கொஞ்சம் எழுப்பி விடுக்கா" என்று கையை நீட்டினாள். ஸ்டூலிலிருந்து தானாக எழ முடியவில்லை.

இப்போது அவள் கை வெடிப்பதே இல்லை. கையுறைக்குள் பத்திரமாக இருக்கிறது. மாலையில் எண்ணெய் தடவுவது இடுப்புக்குத்தான். இடுப்பில் ஏற்றமும் கிடையாது, இறக்கமும் கிடையாது, தினமும் ஒரே வலி. வேறு வேலை தேடலாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். "இந்த இடுப்பைப் பாத்து யாருக்கா வேலை குடுப்பா?" என்றாள்.  ஆனால் ஸ்டோர் சார் அறைக்கு இன்னும் வாரம் தவறாமல் போய் உட்கார்ந்துவிட்டுத்தான் வருகிறேன். என்னைப் பார்த்ததும் அவர் தேநீருக்குச் சொல்லிவிடுகிறார். அவள் இடத்தை மாற்றாமல் நான் விடப்போவதில்லை. அவரும் மாற்றப்போவதில்லை போலிருக்கிறது.

போன வாரம் நான் அங்கே இருக்கும்போதே ரேடியோ பள்ளத்துக்கு வந்தாள். வாய் கொஞ்சம் அடங்கியிருந்தது. முந்தின மூன்று மாலையும் மறு அலசலுக்கு நின்றிருக்கிறாள். இரண்டு கையையும் என் தங்கை முன்னால் விரித்துக் காட்டினாள். விரல் இடுக்கெல்லாம் சிவந்து வெடித்திருந்தது.

"எப்போடி மாறும்? உனக்குத்தான் தெரியுமே, சொல்லேன்."

"அலசறதைக் குறைச்சா மாறும். குறைக்க முடியுமா உன்னால?"

"நான் எப்படி குறைக்கறது? துணி வந்துக்கிட்டே இருக்கே."

"அப்புறம் எதுக்குக் கேக்கறே?"

 ரேடியோ போக மனசில்லாமல் நின்றாள். என் தங்கை கையுறையைக் கழற்றி அவளிடம் நீட்டினாள். "இதைப் போட்டுக்கிட்டு அந்த அண்டாவை இப்படித் தள்ளு. எனக்குக் குனிய முடியல."

ரேடியோ போட்டுக்கொண்டு தள்ளினாள்.